எடைக்கல் யார் கையில்?

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் ஒருவருக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 80, வேதியியலில் 80. மற்றவருக்குக் கணக்கில் 80, இயற்பியலிலும் வேதியியலிலும் நூற்றுக்கு நூறு. கூட்டினால் முதலாமவர் 260, இரண்டாமவர் 280. பொறியியல் தரவரிசையில் யார் பெயர் மேலே வரும்? முதல் மாணவர் பெயர்.

கட் ஆஃப் கணக்குப் போட்டுப் பழகிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கணக்கு மதிப்பெண் நூற்றுக்கு அப்படியே நிற்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருங்கும், மொத்தம் 200. முதல் மாணவருக்கு 100, 40, 40 சேர்ந்து 180. இரண்டாமவருக்கு 80, 50, 50; அவருக்கும் 180. சமமாக வந்துவிட்டால் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதிலும் சமம் என்றால் இயற்பியல், பிறகு இன்னும் சில படிகள் இறங்கிப் பிறந்த தேதி, கடைசியில் கணினி தரும் ரேண்டம் எண். நம் முதல் மாணவர் கணக்கிலேயே முந்திவிடுகிறார். இருபது மதிப்பெண் கூடுதலாக வாங்கியவர் பின்னால் போகிறார்.

கூட்டலில் தவறு ஏதும் இல்லை. பொறியியல் படிக்கக் கணக்கு இரண்டு மடங்கு முக்கியம் என்று யாரோ முன்கூட்டியே முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவு 2 : 1 : 1 என்ற விகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2007இல் நுழைவுத் தேர்வு போன பிறகு எத்தனையோ பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் சேர்ந்தார்கள் என்பதில் இந்த விகிதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் வீட்டில் நாம் பேசுவதெல்லாம் மதிப்பெண்ணைப் பற்றித்தான். விகிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பல அம்சங்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் இந்தக் கணக்கு உண்டு. ஒவ்வொரு அம்சமும் ஓர் அளவுகோல். ஒவ்வொரு அளவுகோலிலும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு மதிப்பெண். அளவுகோல்களுக்குள் எது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடை. மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை எதற்கு அதிகமோ அதுவே தேர்வு. பாடநூல்கள் இதைப் பல அளவுகோல் முடிவெடுப்பு என்கின்றன. நம் ஊரில் வழங்கும் சொல் வெயிட்டேஜ்.

இதன் வேர் பழையது. 1772 செப்டம்பரில் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனிலிருந்து தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பிரபு தந்த வேலையை ஏற்பதா வேண்டாமா என்று பிரீஸ்ட்லி குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது. எதைச் செய் என்று பிராங்க்ளின் சொல்லவில்லை. எப்படி முடிவெடுப்பது என்று மட்டும் சொன்னார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுதிக்கொண்டே வா. பிறகு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சம எடை என்று பட்டால் இரண்டையும் அடித்துவிடு. இங்கே ஒன்று அங்கே இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிடு. மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுவே விடை. எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனத்தில் வந்து நிற்பதில்லை, ஒன்று வந்தால் இன்னொன்று மறைந்துபோகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். முடிவெடுக்கத் திணறுவதற்கு அவர் சொன்ன காரணமும் அதுதான். தாளில் எழுதிவிட்டால் எதுவும் மறைய முடியாது.

எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை நான் வீடு தேடியபோது கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரம் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தோம். நானும் என் மனைவியும் அலைந்து திரிந்து மூன்று வீடுகளில் வந்து நின்றோம். வேப்பமரத்து வீடு: தரைத்தளம், கிணற்றில் நல்ல தண்ணீர், ஸ்டேஷனுக்கு இரண்டரை கிலோமீட்டர், வாடகை 17,000. ஸ்டேஷன் வீடு: அரை கிலோமீட்டர்தான், முதல் மாடி, போர் தண்ணீர் உப்பு, வாடகை 18,000. மாடி வீடு: லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, ஒன்றரை கிலோமீட்டர், தண்ணீர் சுமார், வாடகை 16,000. எங்களோடு அப்பாவும் இருந்தார். அவருக்கு முட்டிவலி.

வாடகை, தூரம், தண்ணீர், படி என்று நான்கு அளவுகோல். ரூபாயையும் கிலோமீட்டரையும் நேராகக் கூட்ட முடியாதல்லவா? அதனால் ஒவ்வொன்றிலும் மூன்றில் மோசமானதற்கு 0, நல்லதற்கு 100, நடுவில் இருப்பதற்கு அதற்கேற்ற எண் என்று மாற்றினேன். வாடகையில் மாடி வீட்டுக்கு 100, வேப்பமரத்துக்கு 50, ஸ்டேஷனுக்கு 0. தூரத்தில் ஸ்டேஷன் வீடு 100, மாடி வீடு 50, வேப்பமரம் 0. தண்ணீரில் வேப்பமரம் 100, மாடி வீடு 40, ஸ்டேஷன் 0. அந்த நாற்பது எங்கள் நாக்கு சொன்ன கணக்கு. படியில் வேப்பமரம் 100, ஸ்டேஷன் 60, மாடி வீடு 0.

எடையை நானே போட்டேன். வாடகைதானே மாதாமாதம் கையைக் கடிக்கும் என்று அதற்கு 40. தூரம் 30, தண்ணீர் 20, படி 10. பெருக்கிக் கூட்டினேன். மாடி வீடு 63, வேப்பமரம் 50, ஸ்டேஷன் 36. மாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று எழுந்தபோது, தாளைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "மூணு வீட்டு வாடகைக்கும் நடுவுல ரெண்டாயிரம் ரூபாதான் வித்தியாசம். அதுக்கு நாற்பது போட்டிருக்கீங்க. மாமா இந்த முட்டிவலியோட ரெண்டு மாடி ஏறணும், அதுக்குப் பத்தா?"

இந்தத் துறையில் பல ஆண்டு படித்தவர்களும் வழுக்கி விழும் இடத்தை அவள் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். வாடகை முக்கியமா என்று பொதுவாகக் கேட்டால் முக்கியம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் எடை என்பது அளவுகோலின் பெயருக்குக் கொடுக்கும் மரியாதை ஆகாது. கைக்கு வந்திருக்கும் வாய்ப்புகளுக்குள் மோசமானதிலிருந்து நல்லதற்குப் போனால் நமக்கு எவ்வளவு நன்மை என்பதன் அளவு அது. வாடகை 10,000இலிருந்து 25,000 வரை விரிந்திருந்தால் அதற்கு நாற்பது தகும். 16,000க்கும் 18,000க்கும் நடுவில் அடைந்து கிடக்கும்போது தகாது. வாடகை என்ற சொல் மாறவில்லை. அதன் வீச்சு மாறிவிட்டது, எடையும் கூடவே மாறியாக வேண்டும்.

இதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஸ்விங் முறை என்பார்கள். எல்லாவற்றிலும் மோசமான ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள்: 18,000 வாடகை, இரண்டரை கிலோமீட்டர், உப்புத் தண்ணீர், இரண்டாவது மாடி. அதில் ஒன்றே ஒன்றை மட்டும் சரிசெய்துகொள்ளலாம் என்றால் முதலில் எதைத் தொடுவீர்கள்? நாங்கள் மூவரும் யோசிக்காமல் தண்ணீர் என்றோம். அடுத்தது? படி. பிறகு தூரம். கடைசியில்தான் வாடகை வந்தது. தண்ணீரோடு ஒப்பிட்டு மற்றவற்றுக்கு எண் கொடுத்தோம்: தண்ணீர் 40, படி 25, தூரம் 20, வாடகை 15. இப்போது வேப்பமரம் 72.5, மாடி வீடு 41, ஸ்டேஷன் 35.

முடிவு தலைகீழாகிவிட்டது. மதிப்பெண்ணில் ஓர் எண்ணைக்கூட நாங்கள் மாற்றவில்லை. அப்படியானால் வேண்டிய வீடு வருகிற மாதிரி எடையைத் திருகிக்கொள்ளலாமே என்ற ஐயம் வரும், வர வேண்டும். அதற்குச் சோதனை உண்டு. மற்ற மூன்றின் விகிதத்தைக் கலைக்காமல் வாடகையின் எடையை மட்டும் 15இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். 47 வரை வேப்பமரத்து வீடே முன்னால் நின்றது. 48இல்தான் மாடி வீடு முந்தியது. பதினைந்துக்குப் பதில் இருபதா முப்பதா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவே தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். எடையை லேசாக அசைத்ததுமே முடிவு புரண்டால், இரண்டும் ஏறக்குறைய சமம், எதை எடுத்தாலும் பெரிய இழப்பில்லை என்று அர்த்தம். இரண்டுமே மனத்துக்கு நிம்மதி தரும் செய்திகள்தான்.

மதிப்பெண் போடும் விதத்திலும் அநியாயம் நுழையும். வெயிட்டேஜ் என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புழங்கியது ஆசிரியர் தகுதித் தேர்வின் காலத்தில். 2012இல் வந்த முறையில் 150 மதிப்பெண் தேர்வை அடுக்கு அடுக்காகப் பிரித்தார்கள். 60 சதவீதத்திலிருந்து 70க்குக் கீழ் வரை ஓர் அடுக்கு, அதற்கு 42 புள்ளி. 70இலிருந்து 80க்குக் கீழ் வரை 48. அதற்கு மேல் 54, 60. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. 90 மதிப்பெண் வாங்கியவருக்கும் 104 வாங்கியவருக்கும் ஒரே 42. 105 வாங்கியவருக்கோ 48. பதினான்கு மதிப்பெண் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு ஆறு புள்ளி. எத்தனை ஆண்டு உழைப்பு அந்த ஒரு மதிப்பெண் விளிம்பில் சறுக்கி விழுந்திருக்கும்! 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அடுக்கு முறையை ரத்து செய்தது. எடுத்த மதிப்பெண்ணுக்கு ஏற்ற விகிதத்தில் புள்ளி தரும் முறை அதன் பிறகு வந்தது. எண்களால் ஆன ஒன்று என்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நமக்கு வேண்டாம்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் அனுபவசாலி ஒருவரின் உள்ளுணர்வை நம்பிவிடலாமே? ராபின் டாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்வதில் நிபுணர்கள் கெட்டிக்காரர்கள். பார்த்ததையெல்லாம் மனத்துக்குள்ளேயே சேர்த்து ஒரு முடிவாக்குவதில் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்பது அவர் கண்டது. இன்னும் ஒரு படி மேலே போனார். எடைகளைத் துல்லியமாகக் கணிக்கக்கூட வேண்டியதில்லை. சரியான அளவுகோல்களை எடுத்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் சம எடை கொடுத்தாலே பல இடங்களில் நிபுணரின் கணிப்பை மிஞ்சுகிறது என்று காட்டினார். படித்ததும் என் வீட்டுத் தாளை எடுத்தேன். நான்குக்கும் தலா 25 என்று போட்டால் வேப்பமரம் 62.5, மாடி வீடு 47.5, ஸ்டேஷன் 40. நாங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த அதே வரிசை! தப்பான எடையைவிடச் சம எடை மேல்.

உலகெங்கும் பிரசவ அறைகளில் இதன் உயிருள்ள உதாரணம் இருக்கிறது. 1952இல் வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்க மருந்து மருத்துவர், பிறந்த குழந்தையின் நிலையைப் பார்க்க ஐந்து அளவுகோல் வகுத்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. எல்லாம் சம எடை. மொத்தம் பத்து. ஒரு செவிலியர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு. அதுவரை குழந்தையின் முகத்தைப் பார்த்து ஏதோ ஓர் உணர்வில் எடுத்த முடிவுக்கு அது ஒரு பொது மொழி கொடுத்தது.

உள்ளுணர்வுக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமன் தன் இருபத்தொன்றாவது வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் முறையை மாற்றி அமைத்தார். ஆறு குணங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண்; ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. நேர்காணல் எடுப்பவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறாய் என்று கொதித்தார்கள். ஆறையும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி இந்த இளைஞன் எப்படிப்பட்ட வீரனாவான் என்று தோன்றுவதையும் ஓர் எண்ணாகப் போடுங்கள் என்றார் கானெமன். அந்தக் கண்மூடி எண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு ஈடாக நன்றாகவே கணித்தது. முதலில் வந்திருந்தால் வெறும் ஊகமாக இருந்திருக்கும். ஆறையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்த பின் வந்ததால் அதற்குக் கண் இருந்தது.

பெருக்கிக் கூட்டுவதில் இன்னொரு கருத்து ஒளிந்திருக்கிறது. ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் ஈடுகட்டிவிடலாம் என்பது. எல்லா இடத்திலும் அது நடக்குமா? ஐக்கிய நாடுகள் சபையின் மனித மேம்பாட்டுக் குறியீடு 1990இல் தொடங்கியது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றுக்கும் சம எடை. தொடக்கத்தில் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். ஒரு நாடு இரண்டில் 0.9 வாங்கி ஒன்றில் 0.3 வாங்கினாலும் சராசரி 0.7. மூன்றிலும் 0.7 வாங்கிய நாட்டுக்கும் அதே 0.7. பிள்ளைகள் பள்ளிக்கே போகாத குறையைப் பணத்தால் மூடிவிட முடிந்தது. 2010இல் முறையை மாற்றினார்கள். மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தார்கள். இப்போது முதல் நாட்டுக்கு ஏறத்தாழ 0.62, இரண்டாவது நாட்டுக்கு மாறாமல் 0.7. ஒரு பக்கத்துப் பள்ளம் மறுபக்கத்து மேட்டால் முழுதாக நிரம்பாது. அதற்கும் மேலே போய், சில குறைகளை எடையே போடாமல் வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். ஸ்டேஷன் வீட்டுத் தண்ணீர் உப்பாக இல்லாமல் சாக்கடை கலந்ததாக இருந்திருந்தால், அதற்கு எத்தனை மதிப்பெண் என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்திருக்கவே கூடாது.

குடும்பத்துக்குள் எடை போடுவது ஒரு மாலைப் பேச்சில் முடியும். நாட்டுக்குள்? ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கான பங்கை நிதி ஆணையம் பிரிப்பது இதே எடைக் கணக்கால்தான். 2010 முதல் 2015 வரைக்கான பதிமூன்றாம் ஆணையம் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கு 25 எடை கொடுத்தது, நிதி ஒழுங்குக்கு 17.5. அப்போது தமிழ்நாட்டின் பங்கு 4.969 சதவீதம். பதினான்காம் ஆணையம் 1971 மக்கள்தொகையை 17.5ஆகக் குறைத்தது, 2011 மக்கள்தொகைக்குப் 10 கொடுத்தது, நிதி ஒழுங்கை எடுத்துவிட்டது, ஏழை மாநிலங்களுக்குச் சாதகமான வருமான இடைவெளிக்கு 50 கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு 4.023ஆக இறங்கியது. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாம் ஆணையத்தில் வருமான இடைவெளி 45, 2011 மக்கள்தொகை 15, பரப்பளவு 15, காடும் சூழலும் 10, வரி முயற்சி 2.5, பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கு ஆறுதலாக 12.5. அதில் நம் பங்கு 4.079ஆக இருந்தது.

ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிகாரில் பிறக்கும் குழந்தைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும். ஆனால் நாற்பது ஆண்டுகள் குடும்ப நலத் திட்டங்களைப் பொறுப்போடு நடத்திய மாநிலம் அதே காரணத்தால் பணத்தை இழப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பன்னிரண்டரை அதற்குப் போதாது. இதை நான் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், எடைகள் அச்சில் இருப்பதுதான். எந்த எண்ணோடு எனக்குப் பிணக்கு, எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. எடையைச் சொல்லாமல், எல்லாவற்றையும் கருத்தில் கொண்டு முடிவெடுத்தோம் என்று ஓர் அதிகாரி சொன்னால் அவரோடு எதைப் பிடித்து வாதாடுவது? அரசு ஒப்பந்தங்களில் தரத்துக்கு எத்தனை, விலைக்கு எத்தனை என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே அறிவிக்க வேண்டும் என்ற விதிக்கும் இதுதான் காரணம். உறைகளைப் பிரித்த பிறகு எடை போடும் கைக்கு, வேண்டியவருக்குச் சாய வழி கிடைத்துவிடும்.

கலந்தாய்வுக் காலம் வந்தால் வீடுகளில் இன்னொரு கணக்கு நடக்கும். கட் ஆஃப் வந்துவிட்டது. இனி எந்தக் கல்லூரி, எந்தத் துறை? கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு, வீட்டிலிருந்து தூரம், பிள்ளைக்குப் பிடித்த பாடம். அப்பா ஓர் எடை வைத்திருப்பார், அம்மா ஒன்று, மாமா வந்து இன்னொன்று சொல்வார். எல்லாம் மனத்துக்குள்ளேயே இருக்கும். கடைசியில் குரல் உயர்ந்தவரின் எடை நிற்கும்.

இந்த முறை கல்லூரிப் பட்டியலைத் திறப்பதற்கு முதல் நாள் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன முக்கியம் என்று தனித்தனியே எழுதுங்கள். மறுநாள் பட்டியலைப் பார்த்து, கைக்கு எட்டும் கல்லூரிகளுக்குள் கட்டணம் எவ்வளவு வேறுபடுகிறது, தூரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்ட பிறகு எண்களைப் போடுங்கள். எண் போடும்போது பேனாவை முதலில் பிள்ளையின் கையில் கொடுங்கள். நான்கு ஆண்டு அந்த வகுப்பில் உட்காரப்போவது அந்தப் பிள்ளைதான்.